பன்னிரண்டு கோடுகள்

சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, கழிவுகளை அவித்துக் கொட்டுவது, மின்சாரம் போனால் ஜெனரேட்டரைப் போடுவது, ஜெல் ஊற்றுவது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. புவனகிரியிலிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி தினமும் போய்வருகிறேன். பேருந்தில் இறங்கும் இடம் தாண்டிப்போனால், நடத்துனரைக் கூப்பிடக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஜெல் என்பது கடல்பாசியில் எடுத்த ஒரு வெள்ளைத் தூள். தண்ணீரில் கலந்து காய்ச்சி, சோப்புப் பெட்டியை விடச் சற்றுப் பெரிய தட்டில் ஊற்றி, ஒரு சீப்பைச் செருகி ஆறவிட வேண்டும். சீப்பை எடுத்தால் வரிசையாகக் குழிகள் இருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்ததை அந்தக் குழிகளில் விடுவார்கள். மின்சாரம் கொடுத்து, பிறகு விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் சில குழிகளுக்குக் கீழே பச்சையாக ஒரு கோடு தெரியும். சிலவற்றுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

நான் சேர்ந்த புதிதில் அங்கே நோய்ச் சோதனைதான் அதிகம். மாட்டு ரத்தம் வரும், கோழியின் தொண்டையில் துடைத்த பஞ்சு வரும். பெரும்பாலும் கோடு வராது. வந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவார்கள். சில நாளில் ஏதோ ஒரு ஊரில் ஒரு பண்ணையை மூடிவிட்டதாகப் பேச்சு வரும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன், கோடு என்றால் வைரஸ், வைரஸ் என்றால் நோய் என்று. அது சரியா என்று ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை. அத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் அதிகம் பேசிய வார்த்தை "சரிங்க மேடம்", அதற்கு அடுத்தது "சரிங்க சார்".

பிறகு ஆராய்ச்சிக்கென்று ஒரு மேடம் வந்தார். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். ஒருநாள் நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"நல்ல ஆரோக்கியமான செம்மறி ஆட்டு ரத்தம் வேணும்ண்ணே. பெட்டை ஆடா இருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஆடு வச்சிருக்காங்களா?"

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "எங்க அக்கா வீட்டுக்காரர் வச்சிருக்காருங்க மேடம்" என்றேன். என்னால் ஒரு உதவி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அக்காவும் மாமாவும் புவனகிரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் இருக்கிறார்கள். மாமாவுக்கு நாற்பது செம்மறி ஆடுகள். சம்பா அறுவடை முடிந்ததும் அவரும் இன்னும் மூன்று பேரும் தங்கள் ஆடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கிடை போடுவார்கள். பகலில் மேய்த்துவிட்டு, இரவில் யாராவது ஒருவருடைய அறுத்த வயலில் வலைகட்டி அடைப்பார்கள். ஆட்டின் எருவும் மூத்திரமும் வயலுக்கு உரம். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல். அப்படியே ஆடி வரைக்கும் போகும்.

மேடமும் ஒரு கால்நடை மருத்துவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பன்னிரண்டு ஆடுகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆடுகளைப் பிடித்துக்கொண்டது நான்தான். கழுத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மயிரை மழித்து அங்கே ஊசி போட்டார்கள்.

"என்னா மாப்ள, ஆட்டுக்கு சுகர் பாக்கப் போறியா?" என்றார் மாமா. "அப்புடியே எனக்கும் பாத்துடு. ஒங்க அக்கா காப்பியில சக்கரயே போட மாட்டேங்குறா."

அடுத்த வாரம் ஜெல் ஊற்றியது நான். படம் கணினியில் விழுந்தபோது மேடம் பக்கத்து அறையில் இருந்தார். திரையில் பன்னிரண்டு குழிகள், பன்னிரண்டு கோடுகள். வெறும் தண்ணீர் விட்ட குழி ஒன்று கடைசியில் இருக்கும். அதில் மட்டும் ஒன்றும் இல்லை. தண்ணீரில் கோடு வராவிட்டால் சோதனையில் தவறு இல்லை என்று அர்த்தம். அதையும் நானே தெரிந்துகொண்டிருந்தேன்.

அப்போது மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அவர் வந்து திரையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். சோதனை முடிவை வெளியே பேசக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் கேட்கவும் பயம், சொல்லவும் பயம். ஆனால் மாமாவின் ஆடு மற்ற மூன்று பேரின் ஆட்டோடு ஒரே வலைக்குள் நிற்கிறது. சாயங்காலம் பாலத்து நிறுத்தத்திலேயே பேருந்தை விட்டு இறங்கி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஒங்க ஆட்டுல ஏதோ வைரஸ் இருக்குது போல. பன்னெண்டுலயும் வந்திருக்குது. யார்கிட்டயும் சொல்லாத. நோவு கீவு தெரியுதான்னு மட்டும் பாத்துக்க."

"வைரஸா? ஆடு நல்லாதானடா மேயிது."

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா."

அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் அன்றைக்கு நான் சொன்னதில் முழு உண்மை.

கிடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஆட்டுக்கு நோய் கண்டால் மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கக்கூடாது. அவனே வந்து சொல்லி, அன்றைக்கே தன் ஆட்டைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனவன் பிறகு வரலாம். மறைத்தவன் இன்னொரு முறை எந்தக் கிடையிலும் சேர முடியாது. அக்கா மாமாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் மாமா மற்ற மூவரிடமும் போய், "என் ஆட்டுல வைரஸ்னு சொல்லுது. நான் பிரிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாற்பதையும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அதனால் யார்மீதும் கோபப்படவும் அவருக்கு வழியில்லை.

வீட்டுக்குப் பின்னால் வலைகட்டி அடைத்தார்கள். நாற்பது ஆடு நிற்கத்தான் இடம், திரும்ப இடமில்லை. மேய்ச்சல் தரைக்கு ஓட்ட முடியாது, அங்கே ஊர் ஆடு மேய்கிறது. குளத்துக்கும் விட முடியாது. அக்கா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். மாமா வேலங்காயும் தழையும் வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டார். வந்ததும் தீர்ந்துவிடும். நடந்து நடந்து மேய்ந்த ஜீவன்கள். வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நாளெல்லாம் கத்தின. கிடைக்குச் சொல்லிவைத்திருந்த வயல்காரர்கள், பாவம், நேரில் வந்து ஒன்றும் சொல்லாமல் மற்ற மூவரிடமே பேசிக்கொண்டார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். அவள் உள்ளங்கையில் குடத்து விளிம்பு பட்ட தடம் சிவந்திருந்தது. நானும் அரிவாளை எடுத்துக்கொண்டு தழை வெட்டப் போனேன்.

பத்து நாளுக்கு மேல் மாமாவால் தாங்க முடியவில்லை. கடலூர் முதுநகரில் ஒரு வியாபாரியிடம் பேசினார். நோய் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கறிக்குத்தானே, கொண்டு வா என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். கோடு வந்த பன்னிரண்டும் முதலில், மீதி இரண்டாவது நடையில் என்று ஏற்பாடு. அந்தப் பன்னிரண்டில் எட்டு சினை.

வண்டி வரவிருந்ததற்கு முந்தைய நாள் மாலை, ஆய்வுக்கூடத்தில் மேடம் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினார். உள்ளே பால்கோவா.

"எடுத்துக்கங்கண்ணே. நம்ம ஆடு எல்லாத்துலயும் வந்துடுச்சு. வேற மாவட்டத்து ஆடுங்களோடயும் ஒத்துப்போவுது. உங்க மாமா ஆட்டை வச்சுதான் ஆரம்பிச்சேன்."

நான் பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"அந்த ஆடுங்க செத்துடுமா மேடம்?"

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன்னால், மனிதன் ஆட்டைப் பிடித்துப் பழக்குவதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, ஒரு வைரஸ் ஆட்டின் முன்னோர்களைத் தொற்றியது. தொற்றியது கருவை உண்டாக்கும் அணுவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அதனால் வெளியே வர முடியவில்லை. தாயிடமிருந்து குட்டிக்கு, அந்தக் குட்டியிடமிருந்து அதன் குட்டிக்கு என்று காதின் நீளமும் மயிரின் நிறமும் போவது போல அதுவும் போய்க்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு அது நோய் இல்லை. ஒரு ஆட்டிலிருந்து பக்கத்து ஆட்டுக்குத் தாவாது. எந்த ஊர்ச் செம்மறியை எடுத்தாலும் அந்தக் கோடு வரும். கோழியில் வேறு, பன்றியில் வேறு, நம் உடம்பிலும் அப்படிப் பழையது நிறைய உண்டு.

"அது மட்டும் இல்லண்ணே. ஆட்டோட உடம்பு அதை வேலைக்கும் வச்சுக்கிச்சு. அது இல்லன்னா கரு கர்ப்பப்பையில சரியா ஒட்டாது. அந்த வைரஸ் இருக்கறதாலதான் குட்டி தங்குது."

"சரிங்க மேடம்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் முடிவை வெளியே சொன்னதும், அதனால் நாற்பது ஆடு வலைக்குள் நிற்பதும், காலையில் வண்டி வரப்போவதும். சொன்னால் வேலை போகுமோ என்ற பயம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம், மாமாவிடம் போய் என்னவென்று சொல்வது என்பது. வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அக்காவே கூப்பிட்டாள்.

"மாமா வண்டி சொல்லிட்டாருடா. காலையில வந்து ஏத்தி வுட்டுட்டுப் போ. ஒத்தையா அவரால முடியாது."

"சரிக்கா" என்றேன்.

காலையில் குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி வந்து நின்றது. கிடைக்கூட்டாளிகளில் ஒருவர் தெருவின் மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஜனங்களும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க என்னால் ஆகவில்லை. ஒவ்வொரு ஆடாகத் தூக்கி ஏற்றினேன். மழித்த இடத்தில் மயிர் அப்போதுதான் கறுப்பாகத் துளிர்த்திருந்தது. அக்கா வாசலுக்கே வரவில்லை. மாமா "நீயும் வா மாப்ள, எறக்க ஆள் வேணும்" என்றார். ஓட்டுநருக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கியர் கம்பி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. கதவு இரண்டும் அவர்கள் பக்கம்.

"ஆட்டுக்கு கொரோனாவாண்ணே? எனக்கு ஒட்டிக்காதில்ல?" என்றார் ஓட்டுநர்.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் இடத்தில் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். அங்கே ஓட்டுநர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சரி, புதுச்சத்திரம் என்று நினைத்தேன். புதுச்சத்திரத்தில் மாமா கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று சொல்லிக்கொண்டேன். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் தகரத்தில் ஆடுகள் முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதுநகரில் இறக்கிவிட்டால் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஒரு ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. முன்னால் ஒரு லாரி, பின்னால் இரண்டு பேருந்து. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். காற்று இல்லை. ரயில் வருகிற வழியாகவும் தெரியவில்லை.

மாமா வெளியே பார்த்தபடியே சொன்னார். "அந்த வெள்ளக்காது இருக்குதில்ல, அதுக்கு நாளு கிட்ட வந்துடுச்சு. காலையில வயித்துல கை வச்சேன். குட்டி பொரளுது."

"மாமா, அது வியாதி இல்ல" என்றேன்.

"எது?"

"அந்தக் கோடு."

"யாரு சொன்னது?"

"மேடம்."

"எப்போ?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் வழியெல்லாம் பயந்தது. "நேத்து."

"நேத்து எப்போ?"

"சாயங்காலம்."

"அதுக்கப்பறம்தான ஒங்க அக்கா போன் பண்ணா. சரின்னியாமே."

நான் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டார்.

"அப்போ வைரஸ் இல்ல. அதான?"

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அது பொய். ஒருமுறை அரைகுறையாகச் சொன்னதன் பலன்தான் முதுகுக்குப் பின்னால் முட்டிக்கொண்டிருந்தது. "இருக்கு மாமா. ஆனா அது நோவு இல்ல" என்று ஆரம்பித்து, மேடம் சொன்னதைத் திக்கித் திணறி முழுவதும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அதுதான் முதல்முறை. நடுவில் ரயில் வந்து போனது. அது போகும்வரை நிறுத்தி, மறுபடி விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.

"எனக்கும் இருக்குதா அது?" என்றார் ஓட்டுநர்.

"ஆட்டோடது இல்ல. வேற மாதிரி. எல்லாருக்கும் இருக்குதாம்."

"எங்க ஊட்டுக்காரி காதுல வுழுந்தா இன்னிக்கே என்னைப் பிரிச்சி ஓட்டி வுட்டுடுவா."

மாமா சிரிக்கவில்லை. "இத நான் கெடையில போயி எப்புடிடா சொல்லுவேன்? என் ஆட்டுக்கு நோவு இல்ல, ஆனா என் ஆட்டுல இருக்கறது ஒங்க ஆட்டுலயும் இருக்குதுன்னா? அடிக்க வர மாட்டான்?"

அதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மாமாவின் ஆட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஊர் ஆடு மொத்தத்தையும் அதே வலைக்குள் இழுக்க வேண்டும். வேறு வழி இல்லை, ஏனென்றால் உண்மை அப்படித்தான் இருந்தது.

கேட் திறந்தது. பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்தன. திருப்ப இடமில்லை, முன்னால்தான் போக வேண்டியிருந்தது. தண்டவாளத்தைத் தாண்டியதும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார்.

"நேராவாண்ணே, திருப்பறதா?"

மாமா வியாபாரிக்குப் போன் போட்டார். "ஆடு வரல. நீங்க வேற எடம் பாத்துக்கங்க. தப்பு எம்மேலதான்" என்றார். அந்தப் பக்கம் திட்டியது எங்களுக்கும் கேட்டது. கேட்டு முடித்துவிட்டு, "திருப்பு" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. மாமா வண்டியை நேராகக் கிடை போட்டிருந்த வயலுக்கு விடச் சொன்னார். நடுப்பகல். கூட்டாளிகள் மூவரும் வரப்பில் வேலமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொல்லு" என்றார் மாமா. "நான் சொன்னா ஆட்டுக்காவ சொல்றேம்பாங்க."

அறுத்த நெல்லின் அடித்தாள் என் உள்ளங்காலில் குத்தியது. செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது என்று முதலில் சொன்னேன். மாமா வழக்கப்படி நடந்தார், நான் தெரியாததைச் சொன்னேன் என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். காலையில் தெருவில் நின்று பார்த்தவர் சோற்றுக் கையை உதறினார்.

"நீ பேசி நான் பாத்ததே இல்ல. பேசன மொத நாளே எங்க ஆட்டையும் சேத்து நோயாளி ஆக்கிட்ட."

"நோவு இல்லீங்க. அது இருக்கறதாலதான் குட்டி தங்குதாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ என்கிட்ட ஒரு மலடு நிக்கிது. அதுல அது இல்லியா?"

"தெரியாதுங்க. கேட்டு சொல்றேன்."

இன்னொருவர் சிரித்துவிட்டார். "ஏண்டா, ஒன் மலட்டுக்கும் கோடு பாக்கணுமா?"

சிரிப்பு அடங்கியதும் மூவரும் தள்ளிப்போய்ப் பேசினார்கள். மாமா மறைக்காமல் பிரித்துக்கொண்டவர் என்பதால் திரும்பி வரலாம். ஆனால் உடனே கலக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. பக்கத்திலேயே தனி வலை, நடுவில் இரண்டு முழம் இடைவெளி, மேய்ச்சலும் தனி. சினை ஆடுகள் ஈன்று, தாயும் குட்டியும் நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். மாமா சரி என்றார்.

மறுநாள் நான் மேடத்திடம் மலட்டு ஆட்டைப் பற்றிக் கேட்டேன். அதிலும் இருக்கும், மலட்டுக்குக் காரணம் வேறு என்றார்.

"ஏன்ண்ணே கேக்கறீங்க?"

"சும்மாதான் மேடம்."

அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஜெல் ஊற்றும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சீப்பை எடுப்பதற்குள் அந்த நினைப்பு உள்ளே போய்விடும்.

வெள்ளக்காதுதான் முதலில் ஈன்றது. பிறகு ஒவ்வொன்றாக. வலையின் கண் பெரிய ஆட்டுக்குத்தான் தடை, குட்டிக்கு இல்லை. நாலாம் நாளே வெள்ளக்காதின் குட்டி வலைக்கண்ணில் நுழைந்து, இரண்டு முழத்தைத் தாண்டி, அந்த வலைக்குள் புகுந்துவிட்டது. தாய் இந்தப் பக்கம் வலையில் முகத்தை வைத்துக் கத்தியது. மலட்டு ஆட்டுக்காரர் குட்டியைத் தூக்கிவந்து இந்தப் பக்கம் விட்டார். மறுநாள் அங்கே பிறந்த இரண்டு குட்டிகள் இங்கே வந்தன. தினமும் காலையில் குட்டி பிரிப்பதே அவர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். குட்டிகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கலந்து கிடந்தன. மலட்டு ஆட்டுக்காரர் இரண்டு கையிலும் இரண்டு குட்டிகளோடு நின்று, எது யாருடையது என்று பார்த்தார். பிறகு இரண்டையும் கீழே விட்டுவிட்டு, எங்கள் வலையின் முளையைக் காலால் ஆட்டிப் பிடுங்கினார். மாமா வலையைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உள்ளே போயின. கழுத்தில் மழித்த இடத்தில் மயிர் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. வெள்ளக்காதைத் தவிர, அந்தப் பன்னிரண்டில் எது எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.